மூன்றாம் நாள் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்

பதிவுத் தபாலை யாரும் படிப்பதில்லை, கையெழுத்துத்தான் போடுகிறார்கள். பத்தொன்பது வருடமாகப் பை சுமக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். பெயரைப் பார்ப்பார்கள், பேனாவைத் தேடுவார்கள், அவசரமாக ஒரு கிறுக்கல். அதோடு உறை மேசைக்குப் போய்விடும், நான் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். தெருவில் எனக்குப் 'போஸ்ட்மேன் அக்கா' என்று பெயர். ஆண்பிள்ளைப் பெயரில் பாதி, பெண்பிள்ளைப் பெயரில் பாதி. முதல் வருடம் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

மடிப்பு அண்ணனை எனக்கு அந்தக் கையெழுத்து வழியாகத்தான் தெரியும். லாண்டரி வைத்திருந்தார். அவர் மடித்த சட்டையைப் பிரிக்க மனசு வராது. கழுத்துப்பட்டி நிமிர்ந்து, கை இரண்டும் பின்னால் ஒளிந்து, அப்போதுதான் கடையில் வாங்கியதுபோல் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கும் என் கையேட்டில் மாதம் இரண்டு தரம் அவர் போடும் கையெழுத்தில் மட்டும் இருந்தது.

முன்பு ஒரு ஹோட்டலில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர். சொந்தக் கடை என்ற ஆசையில் ஒரு பெரிய கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுத்தார். இரண்டு சலவை மெஷின், துணி காயவைக்கும் மெஷின் ஒன்று, நீராவித் தேய்ப்பு மேசை, ஹேங்கர் தொங்கும் கம்பி, வாசலில் நீலப் பலகை. சோப்புத்தூள் கம்பெனியுடையது, அவர் போட்டிருக்கும் டீ-ஷர்ட் கம்பெனியுடையது. சொந்தக் கடை என்று பெயர், சொந்தமாக ஒரு ஜன்னலைத் திறக்க வழியில்லை. காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஏழு நாளும், உரிமையாளர் நேரில் கடையில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கேமரா. 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் கம்பெனியிலிருந்து போன் அடிக்கும். கேலிக்குச் சொல்லவில்லை, நானே இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி நர்ஸ். கடை திறந்த அதே வருடம் அவருக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. பெண் குழந்தைக்கு அப்போது ஆறு வயது, அம்மாவோடு போய்விட்டாள். "அஞ்சு வருஷம். அதுக்குள்ள கடைய நிலைநிறுத்திட்டு, யாருக்காவது கைமாத்திட்டு அங்க வந்துடுறேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறையில் அவர்கள் வருவார்கள். வந்து எங்கே இருப்பது? கடையில்தான். மெஷினுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பிள்ளை விரிப்புகளின் மூட்டை மேல் தூங்கிப் போயிருக்கும். மெஷினைப் பழுது பார்க்க வருடத்தில் மூன்று நாள் கம்பெனியே கடையை மூடச் சொல்லும். அந்த மூன்று நாள்தான் இவர் அங்கே போவது. அதில் ஒன்றரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

கம்பெனியிலிருந்து மாதம் இரண்டு பதிவுத் தபால் வரும். கல்லாப்பெட்டியின் மேல் நிறுத்துகிற சலுகை அறிவிப்பு, 'இம்மாதம் போர்வைக்குச் சலுகை' போல. அச்சகமே நேராக அனுப்பிவிடும், கெட்டியான நீல அட்டை உறை, மேலே அச்சகத்தின் முகவரி. அதே அறிவிப்பை ஏரியா மேனேஜரும் கையோடு கொண்டுவந்து தானே நிறுத்திவிட்டுப் போவான். அதனால் தபாலில் வருவதை அண்ணன் பிரிக்கவே மாட்டார். சட்டையை விறைப்பாக மடிக்க உள்ளே வைக்கும் அட்டை கம்பெனி தருவது எப்போதும் பத்தாது. இவர் நீல உறையை அப்படியே சட்டைக்குள் வைத்து மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவார்.

"பிரிச்சுக்கூட பாக்க மாட்டீங்களாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள என்னம்மா இருக்கப் போகுது? எனக்கு வேண்டியது அட்டைதான். கம்பெனிக்காரன் உருப்படியா அனுப்புறது இது ஒண்ணுதான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாவது வருடம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது அண்ணனின் முகமே மாறிவிட்டது. அங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தேய்ப்பு வேலை பேசி வைத்திருந்தார். வாடிக்கையாளர்களிடம் எல்லாம் "இன்னும் நாலே மாசம்" என்று சொல்லத் தொடங்கினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஏரியா மேனேஜரிடம் சொன்னதற்கு அவன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும் சார், மத்தத நான் பாத்துக்குறேன்" என்றானாம். அந்தப் பையனின் வெண்ணெய் தடவிய பேச்சு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கையில் எத்தனை கடை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் அவனுக்கு மரியாதை. ஒரு கடை மூடுவதற்கு அவன் எதற்கு ஓடியாடப் போகிறான்?

"அந்த ஒப்பந்தத்த எடுங்கண்ணே" என்றேன்.

அறுபத்து நான்கு பக்கம். ஐந்து வருடத்தில் அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. நீராவி ஈரத்தில் பிரித்தெடுக்கவே சிரமமாக இருந்தது. இருபத்திரண்டாம் பிரிவு, 'அறிவிப்புகள்'. நான் வாசித்தேன், அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒப்பந்தம் முடிவதற்குத் தொண்ணூறு நாளுக்கு முன்பு யாரும் அறிவிப்பு கொடுக்காவிட்டால் அது தானாகவே இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். அறிவிப்பு பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போக வேண்டும். நேரில் கொடுப்பது, போனில் சொல்வது, மின்னஞ்சல் எதுவும் செல்லாது. தலைமை அலுவலகத்தின் முகவரிக்கு, அல்லது பின்னால் அறிவித்து மாற்றிய முகவரிக்கு அனுப்ப வேண்டும். சரியான முகவரிக்கு அனுப்பியது, பெற்றுக்கொண்டாலும் மறுத்தாலும், மூன்றாம் நாள் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

"வாங்கலன்னாலும் வந்து சேந்ததா?" என்றார் அண்ணன்.

"ஆமா. நல்லவேளை, நீங்க அனுப்புறதுக்கும் அதே சட்டந்தான். இன்னிக்கே அனுப்பிடுங்க."

அனுப்பினார். நூற்றுப் பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது. பெற்றவரின் கையெழுத்தோடு திரும்பும் ஒப்புகை அட்டை வந்துவிட்டதா என்று தினமும் என் பையையே பார்ப்பார். வரவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் என் தபால் கட்டைப் பிரித்து அடுக்கும்போது அவருடைய கையெழுத்திலேயே முகவரி எழுதிய அந்த உறை வந்தது. மேலே சிவப்பு மையில் 'இடம் மாறிச் சென்றுவிட்டனர்'. ஒருவர் அனுப்பிய கடிதத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பதைப்போல ஒரு கேடுகெட்ட வேலை இல்லை. அன்றைக்குப் பதினேழாவது நிறுத்தமான அவர் கடைக்குக் கடைசியாகப் போனேன்.

அண்ணன் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார். ஒரு பெண் பேசினாள், குரல் தேனாக ஒழுகியது.

"அலுவலகம் மாறினத எல்லாருக்கும் முறைப்படி அறிவிச்சாச்சு சார். ஏழு மாசத்துக்கு முன்னாடி. நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்களே."

"சரிம்மா, புது முகவரிய மட்டும் சொல்லுங்க."

"அது அந்த அறிவிப்புலயே இருக்கு சார்."

"அந்த அறிவிப்பு இப்ப எங்கிட்ட இல்லம்மா."

"அப்போ எழுத்துமூலமா கேளுங்க சார். போன்ல சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல."

"எந்த முகவரிக்கு எழுதுறது?"

"தலைமை அலுவலக முகவரிக்குத்தான் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கையேட்டைப் புரட்டினேன். ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, அச்சகத்தின் நீல உறை, அவர் கையெழுத்து. கொண்டுவந்து கொடுத்தவள் நான். முகவரி மாறிய அறிவிப்பையும் அதே அச்சகத்தில் அச்சடித்து, அதே நீல உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது யாரோ ஒருவர் சட்டைக்குள் போய்விட்டது.

கம்பெனியின் வலைத்தளத்தைப் பார்த்தோம், அங்கே பழைய முகவரியே இருந்தது. ஏரியா மேனேஜர் "கன்ஃபார்ம் பண்ணிட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்றான். மறுநாள் "மீட்டிங்ல இருக்கேன் சார்". அதற்கு மறுநாள் போனே எடுக்கவில்லை. காதில் பூ சுற்றுகிறான் என்று என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணனோ "பாவம், சின்னப் பையன், வேலை இருக்கும்" என்றார். அந்த மனுஷனின் பொறுமைதான் எனக்கு அவனைவிட அதிகமாக எரிச்சலூட்டியது.

விரல்விட்டு எண்ணினோம். வரும் செவ்வாய்க்கிழமைக்குள் தபாலில் போட்டால்தான் மூன்றாம் நாள் கணக்கு தொண்ணூறுக்குள் அடங்கும். புதன்கிழமை போட்டால் வீண்.

பழைய பில் புத்தகத்தை எடுத்தார். அந்த வியாழனும் வெள்ளியும் சட்டை வாங்கிப்போனவர்கள் ஒன்பது பேர். அவர் கடையை விட்டு நகர முடியாது. அதனால் என் சுற்றில் நானே கேட்டுக்கொண்டு போனேன். "உங்க சட்டைக்குள்ள வந்த அட்டைய வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் யார் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்? பேங்க் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வீட்டில் "பழைய பேப்பர்காரன்ட்ட போட்டாச்சு". இன்னொரு வீட்டில், லாண்டரியில் ஏதோ நகை தொலைந்துவிட்டதாக அவர்களே முடிவுகட்டி, என்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். வெள்ளி, சனி, திங்கள் இப்படியே போயிற்று.

செவ்வாய் மதியம், எட்டாவது ஆள், பல் டாக்டர் வீடு. அவர் மனைவி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நீலக் கலர்ல கெட்டியா இருக்குமே, அதா?" என்று செருப்பு ஸ்டாண்டைக் காட்டினார். தட்டுக்கு ஒன்றாக ஏழு நீல உறைகளை விரித்து வைத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து செருப்புகளை எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கிழித்தேன். போர்வை, திரைச்சீலை, கோட்டு, மறுபடி போர்வை. ஐந்தாவதில் சலுகை அறிவிப்போடு ஒரு மெல்லிய தாள். 'எங்கள் தலைமை அலுவலகம் கீழ்க்கண்ட முகவரிக்கு மாற்றப்பட்டுள்ளது.' அந்த அம்மா முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்கு ஓடினேன். மணி இரண்டே கால். அண்ணன் உறையைத் தயாராக வைத்திருந்தார், முகவரிக்கு மட்டும் இடம் விட்டு. எழுதி, ஒட்டி, என்னிடம் நீட்டினார். தபால் நிலையம் நடந்து போனால் அரை மணி. இவர் போனால் கடை மூடிக் கிடக்கும், மேலே கேமரா. இந்தக் கடைசி நேரத்தில் ஒப்பந்த மீறல் என்று ஒன்று வந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தன் வீட்டைக் காட்டி இந்த ஒப்பந்தத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"நாலு மணிக்குள்ள கவுண்டர்ல குடுத்துடுறேன்ணே" என்றேன். பதிவுத் தபால் கவுண்டர் நான்கு மணிக்கு மூடும்.

என் பையில் இன்னும் பதினொரு பதிவுத் தபால் இருந்தன. அதில் இரண்டு கோர்ட் நோட்டீஸ், அன்றைக்கே சேர்க்க வேண்டியவை. தபால் நிலையம் வடக்கே, என் மிச்சச் சுற்று தெற்கே. முதலில் இதைப் போட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. பத்தொன்பது வருடமாக என் கால்கள் போன வழியிலேயே போயின. ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறதே, தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன்.

பத்து உறைகள் மளமளவென்று போய்விட்டன. பதினோராவது, ஆறாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனால், வீட்டுக்காரப் பெரியவர் கண்ணாடியைத் தேடினார். பிறகு பேனாவைத் தேடினார். பிறகு தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக, அழகாக, எழுதினார். கையிலிருந்து கையேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்று தோன்றியது. செய்யவில்லை.

நான் கவுண்டருக்கு வந்தபோது மணி நான்கு ஏழு. உள்ளே இருந்த பெண் என்னோடு தினமும் டீ குடிக்கிறவள். முத்திரையில் மறுநாள் தேதியை ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தாள். நான்கு மணி அடித்ததும் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

"ஏழு நிமிஷம்தான்டி. தேதியத் திருப்பி ஒரே ஒரு குத்து குத்து" என்றேன்.

"கணக்க முடிச்சாச்சு அக்கா. மாட்டினா என் வேலை போயிடும்."

"ஒரு மனுஷனோட அஞ்சு வருஷம்டி!" என்று கத்தினேன். பக்கத்துக் கவுண்டர் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க என் எடத்துல இருந்தா திருப்புவீங்களாக்கா?" என்றாள்.

திருப்ப மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதன்கிழமைத் தேதியோடு முத்திரை விழுந்தது.

ரசீதைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளுக்கா தகராறு பண்ணப் போறாங்க? அவங்களும் மனுஷங்கதான" என்றார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இந்த முறை வெள்ளை உறை, கம்பெனியின் பெயரே மேலே இருந்தது. உள்ளே என்ன என்று பிரிக்காமலே தெரிந்தது. கடை வாசலில் நின்று, "வாங்க மறுத்துட்டாருன்னு எழுதிடவாண்ணே?" என்றேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"எழுதி என்னம்மா ஆகப் போகுது? மறுத்தாலும் மூணாம் நாள் சேந்ததுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிரித்து, எனக்குக் கேட்கும்படி வாசித்தார். அறிவிப்பு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவதால், ஒப்பந்தம் மேலும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. கடைசி வரி: 'எங்கள் குடும்பத்தில் தொடர்வதற்கு வாழ்த்துகள்.'

"சாவியத் தூக்கி அவன் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போங்கண்ணே!"

"போயிடலாம். மச்சான் புள்ளகுட்டியோட நடுத்தெருவுல நிப்பாரு. அப்புறம் அவ என்னை வீட்டுக்குள்ள சேப்பாளா?"

கம்பியில் ஹேங்கர்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு வாடிக்கையாளர் வந்து ஆறு சட்டை என்று வைத்துவிட்டுப் போனார். அண்ணன் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய துணித்துண்டைக் குத்தினார்.

மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் முயன்றார். போன் செய்வார், அந்தப் பக்கம் மனைவி "வீட்டுல உங்க தேய்ப்பு மேசைக்கு எடம் ஒதுக்கியாச்சு" என்பார், அல்லது அவர் மகள், பாப்பா, பாய்ந்துவந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். இவர் சிரித்துப் பேசிவிட்டு வைத்துவிடுவார். கடைசியில் ஒருநாள் நான் போனபோது ஓர் உறையை நீட்டினார், மனைவியின் பெயருக்கு.

"வாயால சொல்ல வரலம்மா, அதான் எழுதிட்டேன். ஒப்புகை அட்டையோட அனுப்பிடுங்க. போய்ச் சேந்துச்சான்னு தெரியணும்."

அன்றைக்கு நேராகத் தபால் நிலையத்துக்குத்தான் போனேன். என் சுற்று பின்னால் கிடக்கட்டும் என்று விட்டேன்.

ஒன்பதாம் நாள் அட்டை திரும்பி வந்தது. அண்ணன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து என்ற இடத்தில் சாய்வாக, ஒரே இழுப்பில், கடைசியில் ஒரு சுழிப்போடு பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'மகள்'.

வெகுநேரம் பார்த்தார். "இவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? இது எப்பலேர்ந்து?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

பிறகு, "பதினோரு வயசுப் புள்ளகிட்ட பதிவுத் தபால் குடுப்பீங்களாம்மா?" என்றார்.

"குடுக்கக் கூடாதுண்ணே. ஆனா வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல, புள்ள தனியா இருந்தா, சில சமயம் குடுத்துடுவோம்."

"அவங்கம்மா டூட்டிக்குப் போயிருப்பா" என்றார். "எங்கிட்டேர்ந்து லெட்டர்னு தெரிஞ்சா, புள்ள சாயந்திரம் வரைக்கும் பொறுக்க மாட்டா. பிரிச்சிருப்பா."

நீராவி மேசை சீறிக்கொண்டிருந்தது. அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போனார். கம்பெனி டீ-ஷர்ட்டில் பை கிடையாது. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதேன்னுதாம்மா அதுல எழுதியிருந்தேன்."